க்னியாஸ்: இளவரசர் அல்லர், மன்னர்

"கீவ் இளவரசர் யாரோஸ்லாவ் தம் மகள் இளவரசி அன்னாவை பிரெஞ்சு மன்னர் முதலாம் ஹென்றிக்கு மணமுடித்துக் கொடுத்தார்." கீவைத் தலைநகராகக் கொண்ட இடைக்கால ருஸ் நாட்டைப் பற்றித் தமிழில் படிக்கும்போதெல்லாம் இந்த மாதிரி வாக்கியம் கண்ணில் படுகிறது. தந்தை இளவரசர், மகள் இளவரசி. பட்டங்களை மட்டும் பார்த்தால் அண்ணன் தங்கை என்றுதான் புதிதாகப் படிப்பவர் நினைப்பார். கீவில் அரியணை ஏறி ஆண்டவர் யார் என்ற கேள்விக்கு அங்கே விடையே இல்லை.

இங்கே 'இளவரசர்' என்று பெயர்க்கப்படும் மூலச்சொல் க்னியாஸ். பழஞ்செருமானிய 'குனிங்காஸ்' என்பதிலிருந்து ஸ்லாவியர் வாங்கியது. ஆங்கிலக் 'கிங்', செருமன் 'கோனிக்' இரண்டுக்கும் அதுவே வேர்.

ஆங்கிலத்தார் இதை 'பிரின்ஸ்' என்றார்கள். அச்சொல்லுக்கு ஆள்பவன் என்ற பொருளும் அவர்கள் மொழியில் உண்டு. தமிழில் இளவரசு என்றால் பட்டத்துக்குக் காத்திருப்பவர் மட்டுமே. க்னியாஸின் மகனைக் குறிக்க 'க்னியாஷிச்' என்று தனிச்சொல்லே ரஷ்ய மொழியில் இருக்கிறது. அவரை இனி 'இளவரசரின் இளவரசர்' என்பதா?

அமெரிக்க வரலாற்றாளர் கிறிஸ்டியன் ராஃபென்ஸ்பெர்கர் அண்மை ஆண்டுகளில் 'பிரின்ஸ்' என்ற ஆங்கில வழக்கையே மறுத்து, க்னியாஸை அரசர் என்றே பெயர்க்க வேண்டும் என்கிறார். இதற்குச் சான்று அக்காலத்திலேயே உண்டு. 1075இல் திருத்தந்தை ஏழாம் கிரகோரி, யாரோஸ்லாவின் மகன் இசியாஸ்லாவுக்கு எழுதிய இலத்தீன் கடிதத்தில் 'ரெக்ஸ்', அதாவது அரசர், என்றே விளிக்கிறார். ஆங்கிலத்தில் எழுதுவோரே திருத்திக்கொள்ளத் தொடங்கிய பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஒரே நேரத்தில் பல க்னியாஸ்கள் இருந்தார்களே, எல்லாரும் மன்னரா என்பார்கள். இருந்தார்கள். 1097இல் லியூபெச் என்ற ஊரில் கூடி, அவரவர் தந்தைவழி நிலத்தை அவரவர் ஆள்வதென்று முடிவு செய்தார்கள். நோவ்கொரோத் நகரத்தார் 1136இல் தங்கள் க்னியாஸ் விசெவலோதைத் துரத்தியும் விட்டார்கள். பல மன்னர்கள் அருகருகே ஆண்டதும், அவர்களுள் பெரியவர் சிறியவர் இருந்ததும் தமிழுக்குப் புதிதல்ல. குறுநில மன்னரையும் நாம் மன்னர் என்றே சொல்கிறோம்.

ஆகவே க்னியாஸ் மன்னர். 'வெலீக்கி க்னியாஸ்' பெருமன்னர். 'மாபெரும் இளவரசர்' என்ற தொடரை அறவே விட்டுவிடலாம். அவர் ஆண்ட பகுதிக்கு 'இளவரசகம்' என்று புதுச்சொல் கட்டுவதும் வீண்வேலை. செர்னிகிவ் நாடு, கலீச் நாடு என்றாலே போதும். பிற்கால ரஷ்யப் பேரரசில் க்னியாஸ் என்பது ஆட்சியில்லாத வெறும் குடிப்பட்டமாகிவிட்டது. அங்கே மட்டும் கோமகன் என்று எழுதுவேன்.