பைகாரா குழாயும் டைட்டன் நீர்மூழ்கியும்

"விமானமே கார்பன் ஃபைபரில்தானே சார் செய்யறாங்க. அது வானத்துல தாங்குது, கடலுக்குள்ள மட்டும் ஏன் உடைஞ்சுது?"

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தபோது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. டைட்டன் விபத்தைப் பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்டிலும், அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அக்டோபரிலும் அறிக்கை வெளியிட்டன. ஆக, இப்போது ஊகம் இல்லாமலே பதில் சொல்லலாம். மதிய உணவு மணி அடிப்பதற்குள் அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதும் இங்கே.

நடந்தது சுருக்கமாக: 2023 ஜூன் 18 அன்று ஓஷன்கேட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கார்பன் ஃபைபர் நீர்மூழ்கியான டைட்டன், ஐந்து பேருடன் வட அட்லாண்டிக்கில் இறங்கியது. 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கைப் பார்ப்பதற்கான பயணம் அது. கட்டணம் தலைக்கு இரண்டரை லட்சம் டாலர். நிறுவனத் தலைவர் ஸ்டாக்டன் ரஷ்தான் ஓட்டுநர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், 3,350 மீட்டருக்குப் பக்கத்தில் தொடர்பு அறுந்தது. நான்கு நாள் கழித்து, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, நீரழுத்தத்தில் நசுங்கிய டைட்டனின் சிதறல்கள் கிடைத்தன.

பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம். அந்தக் கணக்கில் அங்கே 335 வளிமண்டலம், ஒரு சதுர சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட 340 கிலோ. இந்த எண்ணைச் சொன்னதும் எல்லோரும் மலைத்துப்போய் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அழுத்தம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மறுபாதி. அதற்கு அட்லாண்டிக்வரை போக வேண்டாம், நம் நீலகிரியே போதும்.

பைகாரா ஆற்றுத் தண்ணீரைக் கிளன்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு இறக்கும் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். மின்வாரியத்தார் பென்ஸ்டாக் என்பார்கள். 1932 முதல் அந்த மலைச்சரிவில் தண்ணீர் இறங்கி மின்சாரமாகிக்கொண்டிருக்கிறது. மேலுக்கும் கீழுக்கும் 900 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். அதாவது அடி நுனியில் குழாயின் சுவரை உள்ளேயிருந்து 90 வளிமண்டலத்துக்கு மேல் தள்ளுகிறது. அதைத் தாங்கக் கீழே போகப் போகத் தகடு தடிமனாகும். மேலே அவ்வளவு அழுத்தம் இல்லை என்பதால் மெல்லிய தகடே போதும்.

ஆபத்து காத்திருப்பது அந்த மெல்லிய மேல்பகுதியில்தான். அதுவும் தண்ணீர் நிறைந்திருக்கும்போது இல்லை, வடியும்போது. மேல் வால்வை மூடிவிட்டுக் கீழே தண்ணீரை வடித்தால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று உள்ளே போக வழி இல்லையென்றால், வெறும் காற்றழுத்தமே எஃகுக் குழாயைச் சப்பையாக்கிவிடும். அதனால் வால்வுக்கு அடுத்தாற்போலக் காற்றை உள்ளே விடும் குழல் ஒன்று கட்டாயம் இருக்கும். "குழாய் நெறஞ்சிருக்கறப்ப பயமில்லைங்க சார். காலி பண்றப்பத்தான் பயம். அது மூச்சு இழுக்கணும், இழுக்கற சத்தம் நமக்குக் கேக்கணும்" என்று வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார். எந்தப் பாடநூலிலும் இவ்வளவு கச்சிதமாகப் படித்ததில்லை. 1950-ல் ஜப்பானின் ஓய்காவா மின்நிலையத்தில் இது நடந்தே விட்டது. கீழே வால்வு படாரென்று மூடியதில் குழாய் வெடித்தது. தண்ணீர் சட்டென்று வெளியேறியதும், வெடிக்காமல் தப்பித்த மேல்பகுதி வெற்றிடத்தில் நசுங்கிப்போனது.

ஏன் இப்படி? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எனக்குப் பொறியியலிலேயே மிகப் பிடித்த விஷயம் இது.

உலகில் எந்தக் குழாயும் துல்லியமான வட்டம் இல்லை. எங்கோ ஓர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் சப்பையாக இருக்கும். உள்ளிருந்து தள்ளும்போது அந்தச் சப்பை இடமும் வெளியே தள்ளப்படுகிறது, குழாய் முன்பைவிட வட்டமாகிறது. அழுத்தம் கூடக் கூடத் தன் குறையைத் தானே சரிசெய்துகொள்ளும். வெளியிலிருந்து தள்ளினால் கதை தலைகீழ். சப்பையான இடம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். உள்ளே போனதால் அந்த இடத்தின் வளைவு குறையும், வளைவு குறைந்ததால் தாங்கும் சக்தி குறையும், சக்தி குறைந்ததால் இன்னும் உள்ளே போகும். ஒரு எல்லைவரை எஃகின் விறைப்பு இதைப் பிடித்து நிறுத்தும். எல்லை தாண்டிவிட்டால் ஒவ்வொரு சறுக்கலும் அடுத்த சறுக்கலுக்குக் கைகொடுக்கும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் தகடு, சாதாரண எஃகு. வளையங்கள் எதுவும் போட்டு இறுக்காத நீளமான குழாய். உள்ளிருந்து தள்ளினால் சுமார் 25 வளிமண்டலம்வரை தகடு விட்டுக்கொடுக்காது. வெளியிலிருந்து தள்ளினால்? ஏறத்தாழ அரை வளிமண்டலம். அவ்வளவுதான்! கிளன்மார்கன் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடக் குறைவு, இருந்தும் அந்த அரை வளிமண்டலத்தைவிட அதிகம். தகட்டை இரட்டிப்பாக்கினால் உள்ளழுத்தத்துக்குத் தாங்கும் அளவு இரண்டு மடங்காகும். வெளியழுத்தத்துக்கோ எட்டு மடங்காகும், ஏனென்றால் அங்கே தடிமனின் மும்மடி (2 × 2 × 2) கணக்கில் வருகிறது. அதையே திருப்பிப் போட்டால், தகட்டில் சிறு இடம் மெலிந்தாலும் இழப்பு மும்மடியில்தான் வரும்.

நம்பாதவர்கள் ஊட்டியில் காலி தண்ணீர் பாட்டிலை இறுக மூடிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிப் பாருங்கள். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு வளிமண்டலம்தான் கூடுகிறது, பாட்டில் நசுங்கிவிடும். நசுங்கும் இடத்தைக் கவனியுங்கள்: கழுத்து அப்படியே இருக்கும், அடிப்பாகம் அப்படியே இருக்கும், நடுவில் உள்ள நேரான உருளைப் பகுதிதான் உள்வாங்கியிருக்கும். டைட்டனின் நடுப்பகுதியும் உருளைதான்.

இனி மாணவியின் கேள்விக்கு வரலாம். போயிங் 787 விமானத்தின் உடல் கார்பன் ஃபைபர்தான். உயரத்தில் பறக்கும்போது அதற்குள் குன்னூர் உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்தை வைத்திருக்கிறார்கள். வெளியே காற்று அதைவிட மிக மெலிது. ஆகவே அந்த உடல் உள்ளிருந்து வெளியே இழுபடுகிறது. இழுத்தால் கார்பன் ஃபைபரை மிஞ்ச ஆளில்லை. அமுக்கினால்தான் அதன் குணம் மாறும். ஒவ்வொரு நாரும் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம். அதைச் சுற்றியுள்ள எபாக்சி பசைதான் அதைப் பக்கவாட்டில் வளையாமல் பிடித்திருக்கிறது. அமுக்கும்போது நார் கொஞ்சம் நெளிந்திருந்தால் அந்த நெளிவு பெருகும். பசைக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அங்கே பிடிப்பே இல்லை. குழாய் சப்பையாகும் அதே விளையாட்டு, இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் நாருக்கு நார் நடக்கிறது.

டைட்டனின் கூடு 127 மில்லிமீட்டர் தடிமன். ஒரே மூச்சில் செய்ததும் இல்லை. ஒவ்வொன்றும் அங்குலக் கனமுள்ள ஐந்து அடுக்குகள். ஓர் அடுக்கைச் சூடேற்றி இறுகவைத்து, மேலே வந்த சுருக்கங்களைத் தேய்த்துவிட்டு, அதன்மேல் அடுத்ததை ஒட்டினார்கள். இரண்டு முனைகளிலும் டைட்டானியம் வளையங்களைப் பசை போட்டு ஒட்டினார்கள். டைட்டானியமும் கார்பன் ஃபைபரும் ஒரே அழுத்தத்துக்கு ஒரே அளவு சுருங்குவதில்லை, ஆகவே ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்த ஒட்டு இரண்டு பக்கமும் இழுபட்டது. கூட்டில் சுருக்கங்களும் வெற்றிடங்களும் அடுக்குகள் விலகிய இடங்களும் இருந்ததாக விசாரணை சொல்கிறது.

இதெல்லாம் ரஷ்ஷுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். விமானப் பொறியியல் படித்தவர். அவர் நம்பியது ஓர் ஒலிக்கருவியை. கூட்டைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, நார் அறுபடும் 'டிக்' சத்தங்களைக் கேட்டுக்கொண்டே போகலாம், அதிகமானால் மேலே ஏறிவிடலாம் என்பது திட்டம். யோசனைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. ஜெர்மானியரான ஜோசப் கைசர் 1950-ல் கண்டது இது: ஒரு பொருள், தான் ஏற்கெனவே தாங்கிய சுமைவரை மௌனமாக இருக்கும், அதைத் தாண்டினால்தான் மறுபடி சத்தம் போடும். ஆகவே பழைய சுமைக்குள்ளேயே சத்தம் வந்தால் உள்ளே சேதம் வளர்கிறது என்று பொருள். கரையில், சோதனைத் தொட்டியில் வைத்துக் கேட்க அருமையான முறை. ஆளை உட்காரவைத்து 3,000 மீட்டரில் கேட்பதற்கு இது உதவாது. நசுங்கல் தொடங்கிவிட்டால் முடிய வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு போதும், மேலே ஏறி வரவோ மணிக்கணக்கு ஆகும்.

போகட்டும், அந்தக் கருவி சொன்னதையாவது கேட்டார்களா? 2022 ஜூலையில் டைட்டானிக்கைப் பார்த்துவிட்டு மேலே வரும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிந்தைய பயணங்களில் கூட்டின் விகார அளவீடுகள் (அழுத்தத்தில் கூடு எவ்வளவு உருமாறுகிறது என்ற அளவுகள்) மாறியே இருந்தன. அடுக்குகள் பிரியத் தொடங்கியதன் அடையாளம் அது என்பது விசாரணையின் முடிவு. நிறுவனம் கூட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், உறைபனியில், வெட்டவெளியில் நிறுத்திவைத்தார்கள். ஒட்டு விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்து உறைந்தால் என்ன ஆகும் என்பது ஜனவரியில் ஊட்டியில் தோட்டக்குழாய் வைத்திருப்பவர்களுக்கே தெரியும்.

அதற்கும் முன்னால், 2018-ல், நிறுவனத்தின் கடல்பணி இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜ் குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை கொடுத்தார். வேலை போயிற்று. அதே ஆண்டில் துறை நிபுணர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட கடிதம், மூன்றாம் தரப்புத் தரச்சான்று வாங்கச் சொன்னது. வாங்கவில்லை. காசு கொடுத்து வந்தவர்களைப் 'பயணிகள்' என்று சொல்லாமல் 'பணி வல்லுநர்கள்' என்று எழுதிவைத்தார்கள். பயணிகள் என்றால் சட்டம் கேள்வி கேட்கும்.

தனியார் இறங்கினாலே இப்படித்தான் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. விக்டர் வெஸ்கோவோவும் தனியார்தான், பணக்காரர்தான். 2019-ல் அவர் தன் நீர்மூழ்கியில் மரியானா அகழியின் அடிவரை போய்வந்தார். அது 90 மில்லிமீட்டர் டைட்டானியக் கோளம், டிஎன்வி என்ற தரச்சான்று நிறுவனத்தின் சான்று பெற்றது. சான்று வாங்கக் காசும் காலமும் ஆகும். அவர் செலவழித்தார், ரஷ் அதைப் புதுமைக்கு இடைஞ்சல் என்றார்.

அன்று பள்ளியில் ஓர் ஆசிரியர், "டைட்டானிக் சாபம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே" என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். எனக்கு இதில் விளையாட்டு தோன்றுவதில்லை. சாபம் என்று சொன்ன மறுநிமிடமே எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு டைட்டனை இறக்க முடிவெடுத்தவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். கூடவே, உள்ளிருந்தவர்கள் கடைசி நிமிடங்களில் பதறியதாக ஓர் உரையாடலும் இங்கே தமிழ்க் குரலோடு காணொளியாக வலம் வந்தது. அது போலி என்று விசாரணை அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். டைட்டனிலிருந்து வந்த கடைசிச் செய்தி இரண்டு எடைகளைக் கழற்றிவிட்டதைத்தான் சொன்னது. அடியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வழக்கமாகச் செய்வது அது. மேலே கப்பலில் இருந்தவர்களுக்கு ஒரு 'டொப்' சத்தம் முதலில் கேட்டது, செய்தி அதற்குப் பிறகே திரையில் வந்து சேர்ந்தது. நீரில் ஒலி விரைவாக வந்துவிடும், செய்தியைக் கருவி பிரித்துப் படிக்கத்தான் நேரமாகும்.

நம் பக்கம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியை உருவாக்கிவருகிறது. மூன்று பேர், 6,000 மீட்டர். 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கலவைக் கோளம், 80 மில்லிமீட்டர் சுவர், எலக்ட்ரான் கற்றையால் செய்த பற்றவைப்பு இஸ்ரோவின் கைவேலை. பற்றவைத்த இடம் உட்பட எல்லாம் ஒரே உலோகம். அதோடு, அதே தடிமனில் உருளையின் சுவரில் வரும் தகைவில் (சுவருக்குள் ஏற்படும் நெருக்கத்தில்) பாதிதான் கோளத்தின் சுவரில் வரும், சப்பையாக எந்தப் பக்கமும் சாக்குக் கிடைக்காது. அவசரத்துக்கு 96 மணி நேரம் உயிர்காக்கும் வசதி. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆழமில்லாத நீரில் சோதித்தார்கள். அந்த ஆகஸ்டில் நம் ஆட்கள் இருவர் பிரான்சின் நோட்டீல் நீர்மூழ்கியில் பழகினார்கள், ஒருவர் 4,025 மீட்டரும் மற்றவர் 5,002 மீட்டரும் இறங்கினார்கள்.

மத்ஸ்யாவும் அடங்கிய ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-ல் ஒதுக்கிய 4,077 கோடி ரூபாயைச் சுட்டி, "ஊட்டிப் பாதையில் மண்சரிவைத் தடுக்கக் காசில்லை, கடலடிக்கு மூன்று பேரை அனுப்ப உண்டா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மண்சரிவுக்கும் காசு வேண்டும், அதில் சந்தேகமில்லை. அதற்காகக் கடலுக்கான காசில் கை வைக்கச் சொல்ல மாட்டேன். என் குறை வேறு. மத்ஸ்யா தாமதம் என்று செய்தி வரும்போதெல்லாம் கேலி செய்கிறோம். எனக்கு அது எத்தனை ஆண்டு தள்ளிப்போனாலும் சம்மதம், சோதனை முடிவுகளை மட்டும் பொதுவில் போட வேண்டும். மூவர்ணக் கொடியோடு எடுத்த படம் வரும்போது அதைத் தள்ளிவைத்துவிட்டு, கோளத்தை எந்த அழுத்தத்தில் எத்தனை மணி நேரம் வைத்தார்கள், எந்த இடம் எவ்வளவு சுருங்கியது, வெளியே எடுத்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பியதா என்ற அட்டவணையைத்தான் தேடுவேன்.