ஒரு இசைத்தட்டு தங்கினால் மூன்று தட்டின் லாபம் போச்சு

பிரிட்டனில் சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். கைக்காசைப் போட்டு ரெக்கார்டு கடை வைக்க நினைப்பவர்கள் இப்போதும் வருகிறார்கள். "வினைல் இசைத்தட்டு விற்பனை ஏறிக்கொண்டே போகிறதே" என்பார்கள். ஏறுகிறதுதான். சரி, கடைத்தெருவில் இத்தனை இசைக் கடைகள் ஏன் மூடின என்று கேட்டால், இணையம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இணையம் பாதிதான். சூப்பர்மார்க்கெட்டுகள் புதுச் சீடிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளின. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி, கேர்ன்சி தீவுகளிலிருந்து தபாலில் வந்த 18 பவுண்டுக்கு உட்பட்ட சரக்குக்கு வாட் எனும் விற்பனை வரி கிடையாது. அதே சீடியைக் கடையில் விற்றவர் வாட் கட்டினார். தபால் வியாபாரத்துக்கான அந்தச் சலுகை 2012 ஏப்ரலில்தான் முழுதாக நின்றது. அதற்குள் பல கடைகள் காலி.

சரக்குக்கு ஒரே ஆளை நம்பியதும் கெடுத்தது. ஸாவி என்ற இசைக் கடைத் தொடருக்குச் சரக்கு கொடுத்தது, பல்பொருள் கடைகள் நடத்திய உல்வொர்த்ஸ் குழுமத்தின் மொத்த வியாபாரப் பிரிவு. 2008 நவம்பரில் உல்வொர்த்ஸ் சாய்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸாவியும் விழுந்தது.

இன்றைய கணக்குக்கு வருவோம். 30 பவுண்டுக்கு விற்கும் தட்டில் 5 பவுண்டு வாட். மிச்சம் 25. கொள்முதல் 18 என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 7. வாடகை, கடை வரி, சம்பளம் எல்லாம் இந்த ஏழுக்குள். இதில் ஒரு தட்டு விற்காமல் தங்கினால், அந்த 18-ஐ எடுக்க இன்னும் மூன்று தட்டு விற்க வேண்டும். புது வினைலை விற்காவிட்டால் பெரும்பாலும் திருப்பித் தரவும் முடியாது. ரெக்கார்டு ஸ்டோர் டே என்று ரெக்கார்டு கடைகளுக்காக ஆண்டுதோறும் கொண்டாடும் நாளில் வரும் சிறப்புப் பதிப்புகளும் அப்படித்தான்.

ஆகவே வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: விலைச் சீட்டின் மூலையில் வாங்கிய மாதத்தைப் பென்சிலால் எழுதுங்கள். ஆறு மாதம் தாண்டினால் விலையைக் குறைத்துத் தள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். பெரும்பாலும் அவர்களே ரசித்து வாங்கிய தட்டு அது.

ஒருவர் கடையில் இருப்பு எண்ணப் போனேன். ஏட்டில் நல்ல லாபம். பின்னறைப் பெட்டியைத் திறந்தால், மேலுறை பிரிக்காத ஒரே தட்டு, நாற்பது பிரதி. ஏட்டில் எல்லாம் வாங்கின விலையிலேயே உட்கார்ந்திருந்தன.