அல்பரிஞோ: சொல் விளக்கம்

சமையல் நிகழ்ச்சி ஒன்றுக்குத் தமிழில் வசனவரி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சொல்லிடம் மாட்டிக்கொண்டேன். ஸ்பெயினின் வடமேற்கு மூலை. துறைமுகத்தை ஒட்டிய சிறிய உணவகம். ஓர் அம்மா வேகவைத்த பேய்க்கணவாயைக் கத்தரியால் வட்ட வட்டமாக வெட்டி மரத்தட்டில் போடுகிறார். கல்லுப்பு, மிளகாய்ப்பொடி, மேலே ஆலிவ் எண்ணெய். பக்கத்தில் வெளிறிய வைக்கோல் நிறத்தில் ஒரு கோப்பை. அது என்ன என்று கேட்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் 'அல்பரினோ' என்று போட்டிருந்தேன். மறுபடி ஓடவிட்டுக் கேட்டால் அந்த அம்மா சொன்னது 'னோ' இல்லை, அசல் 'ஞோ'.

அல்பரிஞோ ஒரு வெண்திராட்சை வகை. அதிலிருந்து எடுக்கும் மதுவுக்கும் அதே பெயர்தான். ஊர், ஸ்பெயினின் அந்த வடமேற்கு மூலையில் உள்ள கலீசியா.

முதலில் ஒலி. ஸ்பானிய மொழியில் 'ந'கர எழுத்தின் தலைமேல் ஒரு சிறு அலைக்கோடு போட்டால் அது நம்முடைய ஞகரம். பழைய காலத்தில் ஏடு படியெடுத்தவர்கள் இரட்டை 'ந'வை இரண்டு முறை எழுதாமல், ஒன்றை எழுதி மேலே கோடு இழுத்துவிட்டார்கள். அந்தக் கோடுதான் நிலைத்தது. அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பானியர்களே ஓர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறார்கள்: 'ஆஞோ' என்றால் ஆண்டு, கோடு இல்லாத 'ஆனோ' என்றால் ஆசனவாய். ஆங்கிலத்தில் இந்த ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. நம்மிடம் இருக்கிறது. கவிஞர், அறிஞர், இளைஞர் என்று சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறதோ அங்கேயேதான் அல்பரிஞோவிலும் படுகிறது. ரகரமும் நம் இடையின 'ர'தான், புரட்ட வேண்டாம். அழுத்தம் 'ரி'யில். இத்தனை பொருத்தம் இருக்கும்போது ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்து 'னோ' எழுதுவது வீண்வேலை. எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் போர்ச்சுகல்காரர்கள் இதே கொடியை 'அல்வரிஞு' என்கிறார்கள். அந்த ஆற்றின் பெயரிலும் ஞகரம் உண்டு: மிஞோ.

பொருளுக்கு வருவோம். லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. வெள்ளைப் பலகையில் அறிவிப்பு எழுதி வைத்ததால் அந்தப் பலகை 'அல்பும்' ஆயிற்று. நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் அதன் வழிவந்ததே. முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் அல்புமினும் அதே குடும்பம். கடைசியில் வரும் 'இஞோ' கலீசிய மொழியின் செல்ல ஈறு, சின்னது என்று பொருள் தருவது. பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டிஞோ, அதாவது 'குட்டி ரொனால்டோ', நினைவுக்கு வந்தால் சரி. (அவர் பெயரையும் நம் பத்திரிகைகள் 'னோ' என்றே எழுதித் தீர்த்தன.) ஆக, அல்பரிஞோ என்றால் ஏறத்தாழ 'வெள்ளைக்குட்டி'. பெரும்பாலோர் ஏற்பது இந்த வழியைத்தான்.

இன்னொரு கதையும் உலவுகிறது. 'அல்பா' வெள்ளை, 'ரிஞோ' என்பது ரைன் ஆறு. 12ஆம் நூற்றாண்டில் கலீசியாவின் சந்தியாகோ தலத்துக்குப் போகும் யாத்திரைப் பாதை வழியாக வந்த பிரான்சின் குளூனி மடத்துத் துறவிகள் ஜெர்மனியின் ரைன் கரையிலிருந்து ரீஸ்லிங் என்ற வெண்திராட்சைக் கொடியைக் கொண்டுவந்து நட்டார்கள், அதுதான் இது என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் மரபணுச் சோதனையில் ரீஸ்லிங்குக்கும் இதற்கும் ஒட்டுறவு இல்லை என்று தெரிந்துவிட்டது. கொடி ஐபீரியத் தீபகற்பத்தின் வடமேற்கைச் சேர்ந்த மண்ணின் பிள்ளை. சொல்லைப் பிய்த்துக் கதை கட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை போலும்.

பெயர் சட்டத்திலும் சிக்கியது. 1980இல் இந்தப் பகுதி மதுவுக்கு அரசு முத்திரை கிடைத்தபோது அதன் பெயரே 'அல்பரிஞோ'தான். 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அங்கே விதி வேறு: முத்திரைக்கு இடத்தின் பெயர் இருக்க வேண்டும், பழத்தின் பெயர் கூடாது. அதனால் 1988இல் 'ரீயஸ் பைஷஸ்' என்று மாற்றினார்கள். 'ரீயா' என்பது கடல் ஏறி மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு. நம் நெய்தல் நிலத்துக் 'கழி' என்ற சொல் கிட்டத்தட்டப் பொருந்தும். 'பைஷஸ்' என்றால் தாழ்ந்தவை. கீழ்க்கழிகள் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்குள்ள தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இந்த ஒரே கொடிதான். புட்டியில் 'ரீயஸ் பைஷஸ் அல்பரிஞோ' என்று இருந்தால் வேறு பழம் ஒரு துளியும் கலக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஸ்பெயினிலிருந்து போத்து வரவழைத்து, பெருக்கி, தோட்டம் தோட்டமாக நட்டு, 'அல்பரிஞோ' என்று அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். 2008இல் அங்கே போன பிரெஞ்சுக் கொடியியல் வல்லுநர் ழான்-மிஷேல் புர்சிக்கோ இலையைப் பார்த்து ஐயப்பட்டார். 2009இல் மரபணுச் சோதனை முடிவு வந்தது: அது பிரான்சின் ஜூரா பகுதியில் விளையும் சவஞ்ஞான் என்ற வேறொரு திராட்சை. ஒன்று போய் இன்னொன்றின் பெயரில் இத்தனை ஆண்டு! விவசாயிகள் புட்டியின் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு பெயர் ஒட்ட வேண்டியதாயிற்று.

இனி நிலம். கலீசியாவின் இந்தக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையைவிட அதிகம். ஸ்பெயின் என்றதும் வறண்ட மண்ணை நினைப்பவர்களுக்கு இந்தப் பச்சை நம்பமுடியாததாக இருக்கும். இவ்வளவு ஈரத்தில் கொடியைத் தரையோடு விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கருங்கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் படரவிடுகிறார்கள். அவர்கள் 'பர்ரா' என்பது நமக்குப் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக் கல்தூண் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அது அன்னியமாகத் தெரியாது. கொத்துகள் தலைக்கு மேல் தொங்க, கீழே காற்று ஓடும். செப்டம்பர் அறுவடையில் பெட்டியின் மேல் ஏறி நின்று, அண்ணாந்து பார்த்து வெட்டுகிறார்கள்.

ரீயஸ் பைஷஸில் ஐந்து உட்பகுதிகள் உண்டு. கடலை ஒட்டிய சல்னேஸ் பள்ளத்தாக்குதான் பழையது. புளிப்பும் உப்புச்சாயலும் அங்கே தூக்கலாக இருக்கும். அங்குள்ள கம்பாதோஸ் ஊரில் 1953இல் ஒரு சிறு போட்டியாகத் தொடங்கியது இன்று ஆகஸ்டு தோறும் நடக்கும் அல்பரிஞோ திருவிழா. மிஞோ கரையில் உள்ள கொந்தாதோ, ரொசால் பகுதிகளில் வெயில் கூட, பழச்சுவை முற்றி வரும். ஆற்றின் எதிர்க்கரையில் அல்வரிஞு விளையும் போர்ச்சுகல் ஊர்களான மொன்சாவும் மெல்கசும்.

சுவை என்றால் எலுமிச்சை, பீச், ஆப்ரிகாட் வாசனை. அதன் பின்னால் நாக்கில் சுள்ளென்று ஏறும் புளிப்பு. வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிவோமே, அந்த வேலையை இந்தக் கோப்பை செய்துவிடும். அதனால்தான் கழியில் விளைவதெல்லாம் இதற்குப் பொருந்துகிறது: தெப்பங்களில் கயிறு கட்டி வளர்க்கும் சிப்பி, ஆளி, பேய்க்கணவாய், அலை மோதும் பாறையில் உயிரைப் பணயம் வைத்துச் சுரண்டி எடுக்கும் 'பெர்செபெஸ்' என்ற ஓட்டுயிர். நன்றாகக் குளிரவைத்து, 8 முதல் 10 பாகை வெப்பத்தில் ஊற்றுவார்கள். புளி கரைத்த மீன்குழம்போடு வைத்தால் இரண்டு புளிப்பும் சண்டை போடும் என்பது என் கணிப்பு. தேங்காய்ப்பால் சொதி தேவலை.

கடைசியில் தமிழ்ச்சொல். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சீரகச் சம்பாவை ஒரு கலீசியர் 'சீரகம் போன்ற அரிசி' என்று எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா? பொதுச்சொல்லில்தான் சிக்கல். 'ஒயின்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பிராந்தி விற்ற ஒயின்ஷாப்புகள் கெடுத்துவிட்டன. 'திராட்சரசம்' விவிலியத்தோடு ஒட்டிக்கொண்டது. திராட்சை என்பதே வடசொல். யாழ்ப்பாணத்தில் அந்தப் பழம் இன்றும் முந்திரிகைதான். ஆனால் நம்மிடம் ஒரு பழஞ்சொல் இருக்கிறது: தேறல். தேறுதல் என்றால் தெளிதல்; மண்டி கீழே தங்கி, மேலே தெளிந்து நிற்பது தேறல். கப்பலில் வந்த மதுவுக்கே அந்தப் பெயர் வழங்கியிருக்கிறது: 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறது புறநானூறு 56. குளிர்ச்சியும் மணமும் சேர்ந்த அந்த அடைமொழியைப் பாருங்கள். வெள்ளை ஒயினுக்கு 'வெண்தேறல்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

வசனவரியைத் திருத்தி 'அல்பரிஞோ, எங்கள் ஊர் வெண்தேறல்' என்று அனுப்பினேன். சரிபார்த்தவர் தேறலைத் தொடாமல் விட்டுவிட்டார். 'ஞோ'வை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, 'தட்டுப்பிழை?' என்று கேட்டிருந்தார்.