ஆன்டிடிரஸ்ட்: எது தமிழ்?

'அமேசான் மீது நம்பிக்கையற்ற வழக்கு' என்று மறுபடியும் ஒரு தலைப்பு. வெல்லும் நம்பிக்கை இல்லாமலேயே ஓர் அமெரிக்க மாநில அரசு நீதிமன்றம் ஏறிவிட்டதா? அல்லது சட்டமன்றத்தின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு இது தம்பி முறையா? வணிகப் போட்டியை நெரிப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆங்கிலத்தில் ஆன்டிடிரஸ்ட் (antitrust) என்பார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பியதை அப்படியே எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

ஆன்டிடிரஸ்டில் உள்ள 'டிரஸ்ட்' மனத்தில் வைக்கும் நம்பிக்கை அன்று. 1882இல் அமெரிக்க எண்ணெய் அதிபர் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில், பல நிறுவனங்களின் பங்குகளைச் சில பொறுப்பாளர்கள் கையில் குவித்தது. அந்த ஏற்பாட்டின் பெயர்தான் டிரஸ்ட். இத்தகைய கூட்டுகளை ஒடுக்க 1890இல் அமெரிக்காவில் ஷெர்மன் சட்டம் வந்தது. சொல்லின் கதை இவ்வளவுதான்.

என் சண்டை உண்மையில் 'முற்றுரிமை எதிர்ப்பு' என்போருடன். சந்தை முழுவதும் ஒருவர் கையில் இருப்பதைக் குறிக்கும் முற்றுரிமை நல்ல சொல். பொருளியல் பாடநூலில் பழகியது. ஏகபோகத்தைவிட எனக்கு உகந்தது. ஆனால் இங்கே அது போதாது. கலிபோர்னியா 2022 செப்டம்பரில் அமேசான் மீது தொடுத்த வழக்கையே பாருங்கள். அமேசானில் பொருள் விற்கும் வணிகர் வேறு தளத்தில் அதையே விலை குறைத்து விற்றால், அமேசான் பக்கத்தில் அவர் சரக்குக்கான 'வாங்கு' பொத்தான் காணாமல் போகிறது, விற்பனை படுத்துவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. அமேசான் மறுக்கிறது. மாநிலம் கையில் எடுத்த சட்டங்களில் முதன்மையானது அம்மாநிலத்தின் கார்ட்ரைட் சட்டம். தனியொரு நிறுவனத்தின் முற்றுரிமையை அன்று, போட்டியை நெரிக்கும் உடன்பாடுகளையே அது தடுக்கிறது. வணிகர்களுடன் அமேசான் செய்துகொண்ட உடன்பாடுகளைக் காட்டித்தான் வழக்கே நடக்கிறது. வாஷிங்டன் டி.சி. 2021இல் தொடுத்த வழக்கும் இதே விலைப்பிடியைப் பற்றியதே. கீழ் நீதிமன்றம் தள்ளியதை 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர்ப்பித்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் 17 மாநிலங்களுடன் சேர்ந்து தொடுத்த வழக்கில் முற்றுரிமைக் குற்றச்சாட்டு உண்டு, மறுக்கவில்லை. ஒன்றுக்குப் பொருந்தி மற்றொன்றுக்குப் பொருந்தாத சொல் பொதுச்சொல்லாவது எப்படி?

'தனியுரிமை எதிர்ப்பு' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அந்தரங்கத் தகவலைக் காப்பதற்கு அந்தச் சொல்லை நாம் கொடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. இனித் திரும்பக் கேட்பது முறையன்று.

இந்தியாவிலேயே 1969ஆம் ஆண்டின் ஏகபோகச் சட்டத்துக்கு மாற்றாக 2002இல் இயற்றிய சட்டத்துக்குப் போட்டிச் சட்டம் என்றுதான் பெயர் வைத்தார்கள். போட்டி என்று மட்டும் சொன்னால் கபடிக்குச் சட்டமோ என்று தோன்றும். ஆகவே 'வணிகப் போட்டிக் காப்புச் சட்டம்' என்பேன். தலைப்புக்கு நீளம் என்று முனகும் உதவியாசிரியர்கள் 'போட்டிக் காப்பு வழக்கு' என்று சுருக்கிக்கொள்ளலாம்.