ஃபோலியர்: இலைவழி ஊட்டம்

பாலக்காட்டின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கமெல்லாம் வீட்டுப் பேச்சு தமிழ். கேரள அரசின் வேளாண் அலுவலகமான கிருஷிபவன் நோட்டீஸ் மலையாளத்தில் வரும், உரக்கடை பாட்டிலில் இங்கிலீஷ் இருக்கும். அதனால், சத்தைத் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளிக்கும் ஒரே வேலைக்கு மூன்று பெயர். கடைக்காரர் 'ஃபோலியர் அடிங்க' என்பார். நோட்டீஸில் 'பத்ரபோஷணம்' என்றிருக்கும். காட்டில் நிற்பவர் 'மருந்தடிக்கிறேனுங்க' என்பார்.

இலத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. கர்ப்பிணிகளுக்குத் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்கும் அதுதான் வேர்ச்சொல். 1941-இல் அந்தச் சத்தைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் வைத்த பெயர் அது. பத்ரம் என்பதும் வடமொழியில் இலைதான். எழுதிய தாள் என்ற பொருளே தமிழில் நிலைத்துவிட்டது. அந்த நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்த பக்கத்துக் காட்டு மாமா, 'பத்திரத்துக்கு என்ன கண்ணு போஷணம்?' என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஓலையும் ஏடும்கூட இப்படித்தான் மரத்திலிருந்து இறங்கி எழுத்தாகின.

எனக்குக் கவலை தருவது 'மருந்து' என்ற சொல்தான். சித்தூர் தாலுகாவின் கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைக் கரைய விடாது. கடலைச் செடியின் கொழுந்தைப் பார்த்தால் தெரியும்: நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளிறி மஞ்சளாகியிருக்கும். அப்போது லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்கிறோம். 1840-களிலேயே பிரான்ஸில் யூசேப் கிரீ என்பவர் வெளுத்த இலைகளை இரும்பு உப்புக் கரைசலால் பச்சையாக்கிக் காட்டியிருக்கிறார்.

இலையின் மேல்தோலில் மெழுகுப் படலம் உண்டு. அதிலுள்ள மிக நுண்ணிய வழிகளாலும் இலைத்துளைகளாலும் கரைசல் உள்ளே போகிறது. துளி காய்ந்துவிட்டால் உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். காலையிலோ சாயங்காலமோ அடிக்கச் சொல்வது அதற்காகத்தான். மருந்து என்று நினைத்தால் 'இன்னும் ஒரு கை போடு' என்று தோன்றும். அப்படிப் போட்டால் இலை ஓரம் கருகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இலையுரம்' என்றால் தழையுரம் மாதிரி, இலையால் ஆன உரம் என்று பொருள் போய்விடும். 'இலைத்தெளிப்பு' பூச்சிமருந்துக்கும் பொருந்தும். 'இலைவழி ஊட்டம்' என்பதே சரி என்பேன். உண் என்பதிலிருந்து ஊட்டு. பிள்ளைக்கு ஊட்டுவதுபோல, சிறு சிறு கவளமாக. முழுச் சாப்பாட்டையும் இலை வழியாகத் தர முடியாது, அது வேரின் வேலை. பழைய இலைக்குப் போன இரும்பு புதுக் கொழுந்துக்கு எளிதில் நகராது. அதனால் பத்து நாள் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே தென்னைக்கு ஒரு வேரைச் சாய்வாகச் சீவி, டானிக் பையை அதில் கட்டிவிடுவார்கள். அதை 'வேரூட்டம்' என்று நம் ஆட்கள் முன்பே சொல்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் 'இலைவழி ஊட்டம்' இயல்பாகவே உட்கார்ந்துகொள்ளும்.