ஜன்னல் பில்லில் முப்பது சதவீதம் திரும்ப வராது

போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். ஜன்னல் மாற்றிய பில் 18,000 டாலர். "இதுல முப்பது சதவீதம், 5,400 டாலர் வரிச் சலுகையா திரும்ப வரும்னு கம்பெனிக்காரர் சொன்னார் சார்" என்றார் கணவர். அதை நம்பிக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பணம் முழுவதையும் 2025 நவம்பரில் கட்டியாயிற்று. ஜன்னல் பொருத்தியது 2026 ஜனவரியில். அவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

அமெரிக்காவில் வரி ஃபைல் செய்து கொடுப்பது என் தொழில். இந்த சீசனில் இது ஐந்தாவது கேஸ். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆற்றலைச் சேமிக்கும் ஜன்னல், கதவு மாற்றினால் செலவில் முப்பது சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று 2022-ல் வந்த அமெரிக்கப் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் இருந்த சலுகை இது. 2032 வரை இருக்க வேண்டியது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான புதிய சட்டம் அதை 2025 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. கணக்கில் வருவது ஜன்னலைப் பொருத்தி முடித்த தேதி. ஆர்டர் கொடுத்த தேதியும் பணம் கட்டிய தேதியும் உதவாது.

சரி, டிசம்பரிலேயே பொருத்தியிருந்தால் 5,400 வந்திருக்குமா? வராது. அந்தத் தேதிக்குள் பொருத்தி முடித்தவர்களுக்குத்தான் இனி நான் சொல்லும் விதிகள். முப்பது சதவீதம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு மேல்வரம்பு உண்டு என்பதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் எத்தனை ஜன்னல் மாற்றினாலும் சேர்த்து வருடத்துக்கு 600 டாலர்தான். ஜன்னலுக்கு 2,000 டாலர் செலவு செய்தபோதே அந்த 600 நிரம்பிவிடும். மீதி 16,000 டாலருக்குச் சலுகை கிடையாது. கதவுக்கும் இப்படித்தான்: ஒரு வாசல் கதவுக்கு 250, எல்லாக் கதவுக்கும் சேர்த்து 500. இரண்டு கதவிலேயே 500 நிரம்பிவிட்டால் மூன்றாவது கதவுக்கு எதுவும் வராது. பொருத்துகூலியையும் இதில் சேர்க்க முடியாது. பொருளின் விலை தனி, கூலி தனி என்று பிரித்து எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். மொத்தமாக ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்தது ரீஃபண்ட். இந்தச் சலுகை, அதாவது கிரெடிட், நீங்கள் கட்ட வேண்டிய வரியைக் குறைக்கும், அவ்வளவுதான். வரியே இல்லாதவர்களுக்குக் காசோலையாக வராது. மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஓய்வுபெற்ற பெற்றோரின் பெயரில் வீடு இருந்து, அவர்களுக்கு வரி பூஜ்யம் என்றால், கிரெடிட்டும் பூஜ்யம். விற்பனைக்கு வருபவருக்கு உங்கள் வரிக் கணக்கு தெரியாது. அவர் சொல்லும் தொகையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து.

வாடகைக்கு விட்ட வீட்டு ஜன்னலுக்கு இது கிடையாது. நீங்களே குடியிருக்கும் சொந்த வீடாக இருக்க வேண்டும், அதுவும் ஏற்கெனவே கட்டியிருந்த வீடு. புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் பொருந்தாது. ஜன்னலுக்கு, ஆற்றலைச் சேமிக்கும் பொருள்களுக்கு அமெரிக்க அரசுத் திட்டம் தரும் 'எனர்ஜி ஸ்டார்' முத்திரை மட்டும் போதாது, 'எனர்ஜி ஸ்டார் மோஸ்ட் எஃபிஷியன்ட்' தரம் வேண்டும். கதவுக்குச் சாதாரண எனர்ஜி ஸ்டார் போதும். இந்த ஒரு வித்தியாசத்தில் மட்டும் நான் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வரும் லேபிளைக் கிழித்துப் போடும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். 2025-ல் பொருத்தியவர்கள் உற்பத்தியாளரின் நான்கு எழுத்துக் குறியீட்டையும் இந்தச் சலுகையைக் கேட்கும் 5695 படிவத்தில் எழுத வேண்டும். பில்லில் இல்லையென்றால் கம்பெனியை இன்றே கேளுங்கள், வரி ஃபைல் செய்யும் கெடுவுக்கு முந்தின நாள், ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, என்னைக் கூப்பிடாதீர்கள்.

அப்புறம், வரம்பு வருடத்துக்கு வருடம் புதிது. 2023-ல் பாதி, 2024-ல் மீதி என்று மாற்றியவர்கள் இரண்டு வருடமும் தனித்தனியாக 600 வரை கேட்கலாம். அன்று கேட்காமல் விட்டிருந்தால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தி ஃபைல் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது: பொதுவாக ஃபைல் செய்த நாளிலிருந்து மூன்று வருடம். 2023 கணக்கை 2024 ஏப்ரலில் கொடுத்தவர்களுக்கு 2027 ஏப்ரல் வரை. பழைய பில்களைத் தேடி எடுங்கள்.