வலிப்பு உள்ளவரின் கணவர், மனைவிக்கு: சட்டம் என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது

“ஃபிட்ஸ் இருக்கிற பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்கள், இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது” என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பாவாவது சித்தப்பாவாவது இருப்பார். அவர் சொல்வது ஒருகாலத்துச் சட்டம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவிலும், 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4ஆவது பிரிவிலும், அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்துக்குத் தடை என்று 1976இல் எழுதிவைத்தார்கள். மனநோயோடு வலிப்பையும் ஒரே வரியில் சேர்த்திருந்தார்கள். 1999ஆம் ஆண்டின் திருமணச் சட்டங்கள் திருத்தச் சட்டம் வலிப்பை அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டது. அது நடைமுறைக்கு வந்த நாள் 29.12.1999. வலிப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இன்று எந்தத் திருமணமும் செல்லாததாகாது.

விவாகரத்தும் அப்படித்தான். இந்து திருமணச் சட்டம் பிரிவு 13இல் உள்ள காரணங்களில் வலிப்பு கிடையாது. அதனால் சிலர் அதை “தீராத மனக்கோளாறு” என்ற காரணத்துக்குள் நுழைத்து மனுப் போடுகிறார்கள். வலிப்பு மூளையின் மின்னோட்டத்தில் வரும் கோளாறு, மனநோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையில் கட்டுப்படும். 2023 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, வலிப்பு தீராத நோயும் அல்ல, மனநோயும் அல்ல, அதை வைத்து விவாகரத்து கேட்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. முஸ்லிம் பெண்கள் மணமுறிவு கோரும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும் வலிப்பு ஒரு காரணமாகச் சொல்லப்படவில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மறைப்பதுதான் அது. இந்து திருமணச் சட்டம் 12(1)(சி), முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. வழக்குகள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகின்றன. ஆனால் இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. உண்மை தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிக் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். வரன் பார்க்கும் வீட்டார் இதை மனதில் வைத்து, நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரை, கடைசியாக வலிப்பு வந்த மாதம் ஆகியவற்றைப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டு, அதையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பிவைப்பது நல்லது. பின்னாளில் “சொல்லவே இல்லை” என்ற பேச்சு வந்தால் அந்தச் செய்திதான் காப்பாற்றும்.

முதல் வலிப்பைப் பார்த்ததும் மனைவியை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத கணவர்களும் உண்டு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே வசிக்கும் உரிமையைத் தருகிறது. ஜீவனாம்சம் கேட்க முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 இருந்தது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும், அல்லது 15100இல் அழைக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

ரேஷன் கார்டில் பெயர் மாற்றுங்கள்

இது சின்ன வேலை என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பம் என்பதை அவர்கள் ரேஷன் கார்டை வைத்தே முடிவு செய்கிறார்கள். புதிதாகக் கல்யாணமான மனைவியின் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டில் இருந்தால், உங்கள் காப்பீட்டு அட்டையில் அவர் இல்லை. நள்ளிரவில் விடாமல் வலிப்பு வந்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. அடுத்து, பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அது நீங்கிய பிறகே புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். இ-சேவை மையத்திலோ பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ இரண்டையும் செய்யலாம். ஆதாரில் ஒரு இனிஷியல், கார்டில் வேறு இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். கார்டு கைக்கு வந்ததும் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிய வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணம் இல்லை.

இந்தத் திட்டம் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அல்ல. ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும், பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும், சில பரிசோதனைகளுக்கும்தான். சேர்த்தவுடன் அங்கே உள்ள திட்டக் கவுன்ட்டரில் கார்டைக் காட்டி, முன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கையிலிருந்து பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கிடைப்பது கஷ்டம்.

மாத்திரையும் ஒரு நோட்டும்

மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரிதான் வழி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கிக் கொடுக்கும் பட்டியலில் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், சோடியம் வால்ப்ரோயேட் எல்லாம் இருக்கின்றன, இலவசம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நரம்பியல் ஓ.பி.யில் ஒருமுறை காட்டி, என்ன மாத்திரை என்று முடிவு செய்துவிட்டு, தொடர்ந்து வாங்குவதை வீட்டுக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் நகரத்துக்குப் போக முடியாமல்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.

ஸ்டாக் இல்லை என்று சொன்னால் அன்றைக்கே ஜன் ஔஷதி கடையிலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கிவிடுங்கள். பின்னது 2025 பிப்ரவரி 24இல் தொடங்கியது. வாங்கும்போது மி.கி. அளவை மட்டும் பார்த்தால் போதாது. வால்ப்ரோயேட்டில் சாதாரண மாத்திரையும் உண்டு, மெதுவாகக் கரையும் மாத்திரையும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றக்கூடாது. ஃபெனிட்டாயினில் அளவைக் கொஞ்சம் கூட்டினாலே இரத்தத்தில் மருந்து அதைவிட வேகமாக ஏறித் தள்ளாட்டம் வரும். குளோபசாம் போன்றவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அதனால் அசல் சீட்டின் ஒரு படத்தை உங்கள் போனிலும் வைத்திருங்கள். கையில் எப்போதும் ஒரு வாரத்துக்கான மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்கப் போங்கள்.

40 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். வலிப்பு வந்தவருக்கு அது நினைவிருக்காது, பார்த்தவர் நீங்கள். தேதி, மணி, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, நாக்கு கடிபட்டதா, முந்தைய நாள் மாத்திரை தவறியதா, தூக்கம் கெட்டதா, காய்ச்சலா, மாதவிடாய் நாளா. ஒரு வலிப்புக்கு இரண்டு வரி போதும். முடிந்தால் போனில் வீடியோவும் எடுங்கள், ஓ.பி.யில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அந்த வீடியோ உங்கள் வாய் வார்த்தையைவிட அதிகம் சொல்லும். மாத்திரையைக் குறைப்பதா கூட்டுவதா, அறுவை சிகிச்சைக்கு அனுப்புவதா, சான்று கொடுப்பதா என்ற எல்லா முடிவுக்கும் டாக்டர் பார்ப்பது இதைத்தான். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108. கையில் சாவியோ இரும்போ கொடுப்பது, வாயில் ஸ்பூனைத் திணிப்பது இரண்டும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

இ.எஸ்.ஐ. இருந்தால்

சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளிக்கு, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) தருகிறார்கள். கணவன் அல்லது மனைவிக்கும் அதில் ஓ.பி., மாத்திரை, ஸ்கேன், படுக்கை எல்லாம் கிடைக்கும். ஏற்கெனவே இருந்த நோய் என்று தள்ளமாட்டார்கள். வலிப்பு உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான காப்பீடு சந்தையில் இல்லை என்றே சொல்வோம். கல்யாணமானதும் கம்பெனி ஹெச்.ஆரிடம் சொல்லித் துணையின் பெயரையும் ஆதாரையும் குடும்ப விவரத்தில் சேருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

நோயாளியே தொழிலாளியாக இருந்து வேலைக்குப் போக முடியாவிட்டால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாக வரும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆனால் மனைவியைக் கவனித்துக்கொள்ள லீவு போட்ட கணவருக்கு இந்தப் பணம் கிடையாது. துணைக்காகச் சம்பளத்தோடு விடுப்பு என்பது தனியார் வேலையில் சட்டப்படி இல்லவே இல்லை. இது பெரிய குறை. இருக்கிற தற்செயல் விடுப்பை ஆஸ்பத்திரி நாளுக்கென்று மிச்சம் பிடித்து வைப்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை.

தனியார் மெடிக்கல் இன்சூரன்ஸ்

விண்ணப்பத்தில் வலிப்பு இருப்பதை எழுதப்போனால் ஏஜென்ட் “அதெல்லாம் எழுத வேண்டாம், விடுங்க” என்பார். எழுதுங்கள். மறைத்துவிட்டால், வலிப்பில் விழுந்து மண்டை உடைந்த செலவைக்கூடத் தரமறுப்பார்கள். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட விதிகளில், நிரந்தரமாக விலக்கி வைக்கலாம் என்ற நோய்ப் பட்டியலில் வலிப்பும் இடம்பெற்றது. அப்படி விலக்கி பாலிசி கொடுத்தாலும் மற்ற நோய்களுக்கு அது உதவும். விலக்காமல் கொடுத்தால், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். விடாமல் 60 மாதம் கட்டிய பாலிசியில், மோசடி நிரூபணமானாலொழிய, மறைத்தாய் என்று சொல்லி கிளைமை மறுக்க முடியாது. மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

ஆயுள் காப்பீட்டில், வங்கிக் கணக்கு வழியாக எடுக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்துக்கு டாக்டர் பரிசோதனை கிடையாது. ஆண்டுக்கு 436 ரூபாய், 2 லட்சம் பாதுகாப்பு, சேரும் வயது 18 முதல் 50. முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் பாலிசி விழுந்துவிடும். பலருக்கு நடப்பது இதுதான்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

வலிப்பு மட்டும் இருந்தால் எதிர்பார்க்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வலிப்பின் பெயர் இல்லை. வலிப்போடு அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், பக்கவாதத்தால் கை கால் பலவீனம் என்று வேறொன்றும் இருந்தால், அந்தக் குறைபாட்டின் பெயரில் விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று வந்தால் சலுகைகள் திறக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. ரயில் கட்டணச் சலுகை பெறும் நோயாளிகள் பட்டியலிலும் வலிப்பு இல்லை. இவற்றை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

வண்டிச் சாவி

டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தோடு தரும் படிவம் 1, வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று நேரடியாகக் கேட்கிறது.  மற்றவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய நோய் என்றால் லைசென்ஸ் மறுக்க மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 8(4) சொல்கிறது. இத்தனை வருடம் வலிப்பு வராமல் இருந்தால் ஓட்டலாம் என்று கணக்கு வைத்திருக்கும் நாடுகள் உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு எழுதப்படவில்லை. இரண்டு வருடமாக ஒருமுறைகூட வராதவருக்கும், வாராவாரம் வருகிறவருக்கும் ஒரே பதில் கிடைப்பது நியாயமில்லை. ஆனாலும் விதி இன்று அதுதான்.

நோய் தெரிந்தே ஓட்டினால் பிரிவு 186இன் கீழ் முதல்முறை 1,000 ரூபாய் வரை, மறுமுறை 2,000 ரூபாய் வரை அபராதம். வண்டி உங்கள் பெயரில் இருந்து, லைசென்ஸ் இல்லாத துணையை ஓட்டவிட்டால் பிரிவு 180 உங்கள் மேல் வரும்: 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “பக்கத்துத் தெருவுக்குத்தானே” என்று கேட்கும்போது சாவியைக் கொடுக்காமல் இருப்பது வீட்டில் சண்டையாகத்தான் முடியும். வேலைக்குப் போய்வர முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருந்தால் அந்தச் சண்டை குறையும். பெண்ணாக இருந்தால் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது

கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. மாற்ற முடியுமானால் முன்கூட்டியே மாற்றுவார்கள், ஃபோலிக் அமிலமும் தருவார்கள். ஏற்கெனவே கர்ப்பம் என்று தெரிந்துவிட்டால், பயந்து தானாக மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். தாயின் உயிருக்கே அது ஆபத்து. கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கும்போது, வலிப்பு இருப்பதையும் மாத்திரையின் பெயரையும் தாய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அது எழுதப்பட்டிருந்தால்தான் பிரசவத்தை எந்த ஆஸ்பத்திரியில் வைப்பது என்று முன்பே முடிவு செய்வார்கள். பிரசவ வார்டில் இருக்கும் நாட்களிலும் வலிப்பு மாத்திரை ஒருவேளைகூடத் தவறாமல் போகிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. தையலும் பாலும் குழந்தையுமாக இருக்கும் அந்த நேரத்தில் மாத்திரை மறந்துபோவதும் தூக்கம் கெடுவதும் சகஜம்.